ஸ்கேன் அறைக்கு நாலரை நட்சத்திரம், வாட்டுக்கு ஒன்றரை

சென்ற மாதம் கொழும்பிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மாவுக்குச் சாயம் ஏற்றி வயிற்று சீ.ரி. ஸ்கேன் எடுத்தோம். கட்டடம், வரவேற்பு, வாகனத் தரிப்பிடம் ஆகியவை பற்றிச் சொல்ல விசேடமாக ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஊசியைச் சுற்றியே இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. 18 வருடமாகச் சீனி வருத்தம். மெற்ஃபோமின் குளிசை போடுகிறவர். இரண்டு நாள் வாந்திக்குப் பிறகு வாட்டில் சேர்த்திருந்தோம். ஸ்கேன் அறையின் கதிர்ப்படப்பிடிப்பாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிங்களம் கலந்த தமிழில் கேட்ட முதற்கேள்வி, “அம்மாட கிரியற்றினின் றிப்போட் எங்க?” என்பதுதான். கிரியற்றினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. சிறுநீரகம் நலிந்தால் இரத்தத்தில் அதன் அளவு கூடும். வாட்டிலிருந்து வந்த படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. பின்னால் நாலு பேர் காத்திருந்தபோதும், இரத்தம் எடுத்து முடிவு வரும்வரை முக்கால் மணித்தியாலம் ஊசியைத் தொட மறுத்துவிட்டார். கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 1.3 மில்லிகிராம், சிறுநீரகம் வடிகட்டும் அளவு, அதாவது இ.ஜீ.எஃப்.ஆர்., 44 என்று கணக்கிட்டார். 30இற்குக் கீழே இருந்தால் சாயம் ஏற்றுவதை மிகவும் யோசிக்க வேண்டும் என்றும், 44 என்றால் கவனத்தோடு செய்யலாம் என்றும், மெற்ஃபோமினை 48 மணித்தியாலம் நிறுத்தி, இரத்தத்தை மறுபடி சோதித்த பின்னரே தொடங்க வேண்டும் என்றும் விளங்கப்படுத்தினார். அயடீன் கலந்த அந்தச் சாயம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. நலிந்த சிறுநீரகத்தில் அது உட்பகுதிக்கான இரத்த ஓட்டத்தைச் சுருக்கி, நுண்குழாய்களின் கலங்களையும் தாக்கக்கூடும். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சுடுதண்ணீர் ஓடுவதுபோல இருக்கும், வாயில் இரும்பு ருசி வரும், சலம் போய்விட்டதோ என்று தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததால் அம்மா பயப்படவில்லை.

அரை நட்சத்திரத்தைக் குறைத்தது சம்மதப் படிவம். முதலில் நீட்டியது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. தமிழ்ப் பிரதி கேட்டபோது வந்தது, படியின் படியாக எடுத்து எழுத்து வெளிறிப்போன ஒரு தாள். அதில் ‘சிறுநீரகம்’ என்ற சொல்லே பாதி மறைந்திருந்தது.

வாட்டைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுத முடியாது. இரண்டு நாள் வாந்தியெடுத்து வறண்டிருந்த ஒருவருக்கு ஸ்கேனுக்கு முன்னோ பின்னோ சேலைன் ஏற்றவில்லை. அன்றிரவு வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். அது சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அட்டையில் ஒரு மாதத்தில் கிளினிக் வரும்படி எழுதியிருந்ததே தவிர, மறு இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வரியும் இல்லை. பில்லில் பஞ்சுக்கும் கையுறைக்கும் தனித்தனி வரி இருந்தது.

கதிர்ப்படப்பிடிப்பாளர் சொன்னது நினைவிருந்ததால், ஸ்கேன் எடுத்து 48 மணித்தியாலம் முடிவதற்குள் வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். கிரியற்றினின் 1.9. 48 மணித்தியாலத்துக்குள் 0.3 கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்ற கணக்கில் சேரும். அம்மாவுக்கு அதன் இரட்டிப்பு கூடியிருந்தது. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் நோவில்லாமல், சலம் குறைந்ததுகூடத் தெரியாமல் வருவதால், சோதித்துப் பார்க்காதவர்கள் அறியாமலே கடந்துவிடுவார்கள்.

நாங்கள் பார்த்த சிறுநீரக வைத்திய நிபுணர், பழி முழுவதையும் சாயத்தின் மேல் போட முடியாது, வறட்சியும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தே இதைச் செய்திருக்கும் என்றார். நாளத்தில் ஏற்றும் சாயத்தின் ஆபத்து முன்பு மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதே இப்போது பல வைத்தியர்களின் கருத்தாம். அந்தப் பயத்தால் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் தவறு என்றார். சாயத்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்று கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசியில் வற்புறுத்திய அசற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்துக் கரைசலைப் பற்றிக் கேட்டேன். அஞ்சியோகிராம், அதாவது சாயம் ஏற்றி இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை, செய்த ஏறத்தாழ 5000 பேரை வைத்து நடந்து, 2018இல் வெளியான ஆய்வில் அதனால் பயன் காணப்படவில்லை என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, சேலைனை எழுதினார். பத்தாம் நாள் கிரியற்றினின் 1.4இற்கு இறங்கியது.

அடுத்த மாதம் மறு ஸ்கேன் இருக்கிறது. அதையும் அங்கேயே எடுக்கிறோம். அந்தக் கதிர்ப்படப்பிடிப்பாளர் காலை முறையில் நிற்கும் நாளைக் கேட்டுத்தான் பதிந்திருக்கிறேன். வாட்டில் தங்கப் போவதில்லை. வெள்ளவத்தை ஆய்வுகூடத்துக்கும் இரண்டு நாள் தள்ளி ஒரு நேரம் எடுத்தாயிற்று.