மைவி காரைத் தாழ்த்த எது: தாழ்வு ஸ்பிரிங்கா (குட்டையான சுருள்வில்), காயிலோவரா (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய தொகுப்பு)?

விலை: ஸ்பிரிங் மலிவு, காரில் இருக்கும் பழைய அப்சார்பரோடே (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) ஓட்டலாம். காயிலோவர் பல மடங்கு.

உயரம்: ஸ்பிரிங் சுமார் 30 மில்லிமீட்டர் இறக்கினால் அதோடு சரி. காயிலோவரில் வளையத்தைத் திருகி ஏற்றி இறக்கலாம். குடும்பத்தோடு பத்துமலைக்குப் போகும்போது ஏற்றிவிட்டால் வேகத்தடையில் காரின் அடி உரசாது. ஆனால் கோலாலம்பூர் வெயிலில் ஜாக்கி வைத்துத் திருகுகிறவர் எத்தனை பேர்?

உழைப்பு: குட்டை ஸ்பிரிங்கில் பழைய அப்சார்பர் சீக்கிரம் தளரும். என் மைவியில் இரண்டாம் ஆண்டிலேயே பின்பக்கம் எண்ணெய் கசிந்து, தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. காயிலோவரில் மழைச்சேறு மரையில் இறுகினால் வளையம் அசையாது.

தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஸ்பிரிங் போதும். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் காயிலோவர் வாங்கட்டும். எதை மாற்றினாலும் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.