கொதிக்கும் குளிர்பதனியா, சுற்றி ஓடும் தண்ணீரா?

அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறையில், இன்வெர்ட்டர்களுக்கான ஐஜிபிடி மாட்யூல்களை (பெரும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள்) சோதிக்கும் மேசை முழுச்சுமையில் ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை வெளிவிடும். மின்விசிறியும் ஹீட்சிங்கும் (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துடுப்புகள்) அந்த இடத்தில் இதற்குப் போதா. எஞ்சியவை மூன்று: கிளைக்கால் (கார் கூலன்டில் உள்ள திரவம்) கலந்த தண்ணீர் ஓடும் குளிர்தட்டு, அதாவது மாட்யூலோடு ஒட்டிய உலோகத் தட்டு, சாதனத்தையே மின்கடத்தாத் திரவத்தில் மூழ்கடித்துக் கொதிக்கவிடும் தொட்டி, மூடிய குழாயில் ஆர்-134ஏ போன்ற குளிர்பதனியை (ஏசிக்குள் வெப்பத்தைச் சுமக்கும் பொருள்) திரவமாகவே பம்ப் செய்து தட்டுக்குள் ஆவியாக்கும் சுற்று. நாங்கள் தேர்ந்தது மூன்றாவதை. என் சாய்வு அதன் பக்கமே.

மூழ்கடிக்கும் தொட்டி பார்க்க அழகானது. ஆனால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் விலையுயர்ந்த திரவம் ஆவியாகப் பறந்துவிடுகிறது. இத்தகைய தொட்டிகளுக்கான 3எம் நிறுவனத் திரவமான நோவெக் 649 கொதிப்பது 49 டிகிரியில். கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தொடும்போது, ஆவியைக் காற்றால் குளிரவைக்க எஞ்சுவது 9 டிகிரி இடைவெளிதான். போதாக்குறைக்கு, இத்திரவம் அடங்கும் ஃப்ளூரின் சேர்மங்களின் (பிஎஃப்ஏஎஸ்) உற்பத்தியை 2025 இறுதிக்குள் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

தண்ணீரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. மலிவானது, எல்லோருக்கும் பழகியது. எங்கள் முந்தைய மேசை அதில்தான் ஓடியது. அதைத் தோற்கடித்தது பராமரிப்பு. அயனி நீக்கிய நீர் தீர்ந்த ஒரு நாளில், ஊழியர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கேன் தண்ணீரை ஊற்றினார். சில மாதங்களில் தட்டின் நுண்ணிய வழிகளில் வெள்ளைப் படிவு அடைத்துக்கொண்டது. சில்லர் (நீரைக் குளிரூட்டும் இயந்திரம்) வைத்து நீரை 18 டிகிரிக்குக் கொண்டுவந்தாலோ, நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டின் வெளிப்புறம் வியர்த்து, மின்முனைகளுக்கு அருகே சொட்டத் தொடங்கும்.

ஆவியாகும் சுற்றில் இந்தத் தொல்லைகள் இல்லை. தட்டு எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் வியர்ப்பதில்லை. கசிந்தாலும் ஷார்ட் ஆவதில்லை. 5 கிலோவாட்டை 5 டிகிரி உயர்வுக்குள் கடத்த நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆர்-134ஏ பாதிக்குச் சற்று மேல் ஆவியானாலே 3 லிட்டர் அளவில் வேலை முடிந்துவிடுகிறது. கொதிநிலை ஒன்றே என்பதால், வரிசையின் கடைசி மாட்யூலும் முதல் மாட்யூலும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இது பல கார் ஏசிகளில் உள்ள அதே வாயு என்பதால், வெற்றிடமாக்கி எடைபோட்டு நிரப்பவும், சோப்புத் தண்ணீரால் கசிவைக் கண்டறியவும் தெரிந்த மெக்கானிக் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறார். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

குறைகளும் உண்டு. 50 டிகிரியில் அழுத்தம் 13 பாரை (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு) தாண்டுவதால், சாதாரண ரப்பர் குழாயும் கிளிப்பும் ஆகா. திரவத் தொட்டியைப் பம்புக்கு மேலே, போதிய உயரத்தில் வைக்காவிட்டால் பம்புக்குள் ஆவிக்குமிழிகள் உருவாகி ஓட்டம் தடுமாறும். முதல் வாரத்தில் நாங்கள் இதில் மாட்டினோம். இதுவரை ஒரே ஒரு கோடையைத்தான் கடந்திருக்கிறோம் என்பதால், சீல்களின் ஆயுளைப் பற்றி நான் உறுதி தரமாட்டேன். ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டைஆக்சைடைப் போல் 1,430 மடங்கு. புவியைச் சூடாக்கும் குளிர்பதன வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் சர்வதேச ஒப்பந்தமான கிகாலி உடன்பாட்டின்படி இந்தியா 2032 முதல் இவ்வகை வாயுக்களைக் குறைத்தாக வேண்டும். அப்போது, ஏறத்தாழ அதே அழுத்தத்தில் இயங்கும் மற்றொரு குளிர்பதனியான ஆர்-1234ஒய்எஃப்புக்கு மாறலாம். ஆனால் அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டி ஒரு வாயு உணர்கருவியைப் பொருத்தாமல் அதை எங்கள் மேசையில் நிரப்ப விடமாட்டேன்.