கொழிஞ்சாம்பாறைக்கு 42 பைட்: என் நாஸ் பெட்டியோடு நான்கு வருடம்

போன வாரம் என் நாஸ் பெட்டியின் (கடை நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி) மின்விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அதைக் கேள்விப்பட்டு, பொள்ளாச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், "விலை இறங்கியிருக்கிறதே, நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு டிடிபி கடை. பாதி வேலை பழைய ஆதாரங்களை ஸ்கேன் செய்து வைப்பது. (பொள்ளாச்சிப் பக்கம் பத்திரம் என்பார்கள். கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிற எங்களுக்கும் அது ஆதாரம்தான்.) ஊரார் சொத்து விவரம் என்பதால் அந்த ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து பூட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். இரண்டாவது வருடம் ஒரு டிஸ்க் செத்துப்போனது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன், மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொண்டது. ஒரு பக்கம்கூடப் போகவில்லை. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் துணையோடு அதையும் நான்கு வருடம் தாங்கிவிட்டது.

இனி என் வயிற்றெரிச்சல். வாங்கிய முதல் மாதமே சில ஃபைல்களை உள்ளே போட்டால், பெயர் செல்லாது அல்லது மிக நீளம் என்று விண்டோஸ் திருப்பி அனுப்பியது. அதே ஃபைல் பழைய எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. டிஸ்க் கோளாறோ, கேபிள் கோளாறோ என்று ஒரு வாரம் அலைந்தேன்.

கோளாறு பெயரை அளக்கும் விதத்தில் இருந்தது. விண்டோஸும், எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்த என் ஹார்டு டிஸ்கும் ஒரு பெயருக்கு 255 யூனிகோடு குறியீடுகள் வரை விடும். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம். அது 255 பைட் வரைதான் விடும். எழுத்துகளை அது சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். அதிலும் 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. எங்கள் ஊர்ப் பெயரை எண்ணிப் பாருங்கள்: ஏழு எழுத்து, 14 குறியீடு, 42 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 13 பைட்டில் முடிந்துவிடும்.

பூட்டிய ஃபோல்டர் இன்னும் மோசம். என் பெட்டி அதற்கு இ-கிரிப்ட்எஃப்எஸ் முறையைப் பயன்படுத்துகிறது. பூட்டும்போது ஃபைலின் பெயரும் உருமாறி நீண்டுவிடுவதால், நமக்கு மிஞ்சுவது 143 பைட். தமிழில் 47 குறியீடு. 'கொழிஞ்சாம்பாறை பாகப்பிரிவினை ஆதாரம் 1962' என்று வைத்து, பின்னால் பிடிஎஃப் என்ற ஒட்டும் சேர்ந்தால் 110 பைட் ஆகிவிட்டது. மீதி 33 பைட்டில் வீட்டுப் பெயர் எழுதுவதா, சர்வே எண் எழுதுவதா?

எனக்குப் பொறுக்காதது இதுதான். எந்த ஆதாரத்தில் பங்காளிகள் அதிகமோ, எதில் சர்வே எண்கள் சிக்கலோ, அதற்குத்தான் நான் பார்த்துப் பார்த்து நீளமாகப் பெயர் வைத்திருந்தேன். கடை கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு ராத்திரி தானாக ஓடும் பேக்கப் அந்த ஃபைல்களை மட்டும் தாண்டிக்கொண்டு போனது. திரையில் பச்சை டிக். பதிவுக் குறிப்பைத் திறந்து பார்த்தால்தான் 200-க்கும் மேல் விடுபட்டிருந்தது தெரிந்தது. பாகப்பிரிவினை நகல் வேண்டும் என்று ஒரு குடும்பம் வாசலில் நின்றபோதுதான் நான் அதைத் திறந்தேன். கடை கம்ப்யூட்டரை அதற்குள் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தேன். அந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க் மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்!

அப்புறம் நான் செய்தவை. ஃபைல் பெயரைச் சர்வே எண், வருடம், ஊருக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் என்று குறைத்தேன். முழு விவரமும் ஓர் எக்ஸெல் பட்டியலில். பெயரை மாற்றவே கூடாத பழைய ஃபைல்களைச் செவன்-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் ஒரே ஃபைலாகக் கட்டி, கட்டுக்கு மட்டும் சின்னப் பெயர் வைத்தேன். உள்ளே நீளப் பெயர் அப்படியே இருக்கும். அந்தக் கட்டை விண்டோஸில்தான் பிரிக்க வேண்டும், பெட்டிக்குள்ளேயே பிரித்தால் மறுபடி அதே பிழை.

ஃபைல் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்பி வரும் வழியில் வேறொரு முள். விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை மொத்தப் பாதைக்கும் 260 குறியீடு என்று ஒரு பழைய எல்லை இருக்கிறது. பெட்டியில் குட்டையாக இருக்கும் பாதை, கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும்போது அதைத் தாண்டிவிடும். 2016 முதல் விண்டோஸ் 10-இல் இந்த எல்லையைத் தளர்த்த ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பதிவேட்டில் வசதி உண்டு, ஆனால் நாம் தினமும் திறக்கும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அதை மதிப்பதில்லை. விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நீளப் பாதையை ஏற்கும்; நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். சப்ஸ்ட் கட்டளையால் ஆழமான ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்தாலும் வேலை நடக்கும்.

சரி, நண்பர் வாங்கலாமா? அவர் கேமரா தரும் பெயரில் எட்டே எழுத்து, எல்லாம் ஆங்கிலம். இந்தத் தொல்லை அவரை எட்டியும் பார்க்காது. டிஸ்க் போனாலும் படம் போகாது. இவ்வளவும் தெரிந்தே அவரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தமிழில் பெயர் வைத்தவனின் ஃபைலை விட்டுவிட்டுப் பச்சை டிக் காட்டிய ஒரு பொருளை, வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் மாற்ற இன்னும் 60 ஃபைல் பாக்கி இருக்கிறது. கடை சாத்திய பிறகு உட்கார வேண்டும்.