படபடப்பு வந்தா பாதத்த ஊனணுமா, மூச்ச எண்ணணுமா, மூஞ்சி கழுவணுமா?

எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு படபடப்பு, ஒண்ணு நான், இன்னொண்ணு எங்க சித்தி. அவங்க மியான்மர்ல மாண்டலேல இருந்தவங்க, 2025 மார்ச் 28 மத்தியானம் 7.7 அளவுல நெலநடுக்கம் வந்தப்ப அங்கதான் இருந்தாங்க, அப்புறம் யாங்கோன்ல எங்ககூடவே வந்துட்டாங்க. எனக்கு அவ்ளோ பெருசா ஒண்ணும் நடக்கல, வெலவாசி ஏறுது, கரண்ட் இல்ல, வெளிநாட்டுல இருக்கற தம்பி போன் எடுக்கல, இப்படி தெனசரி கவலதான், ஆனா நெஞ்சு அடிக்கும்போது பலமாத்தான் அடிக்குது. கிரவுண்டிங்னு சொல்றாங்கல்ல, எங்கயோ ஓடற மனச இப்ப இருக்கற எடத்துக்கு கூட்டிட்டு வர்றது, அத நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே செஞ்சு பாத்தோம்.

மொதல்ல எல்லாரும் சொல்றது பாதத்த தரையில நல்லா ஊனி, குதிகால் அழுந்துறத, கட்டவிரல் அழுந்துறத கவனிக்கறது. எனக்கு இது ரொம்ப பிடிச்சுது, பஸ்ஸுல நின்னுகிட்டே செய்யலாம், பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூட தெரியாது. சித்திக்கு ஆகவே இல்ல. "தரை ஆடுதா ஆடுதான்னுதாண்டி பாக்கத் தோணுது"ன்னாங்க. நாங்க இருக்கறது ஆறாவது மாடி, கீழ லாரி போனாலே லேசா அதிரும், அவங்கள போய் பாதத்த கவனிங்கன்னா பயம் கூடத்தானே செய்யும். இது புரியாம ரெண்டு நாள் கட்டாயப்படுத்திட்டேன், இப்ப நெனச்சாலும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. நெலநடுக்கத்த பாத்தவங்களுக்கு இத மொதல்ல சொல்லாதீங்க, கைல பிடிக்கற மாதிரி ஒரு பொருள குடுங்க.

அடுத்தது 5-4-3-2-1. கண்ணுல படற 5 பொருள், தொடற 4, காதுல விழற 3 சத்தம், 2 வாசன, நாக்குல 1 ருசி. பகல்ல நல்லா இருக்கு, பால்கனில நின்னா எதிர்வீட்டு துணி, புறா, காரு, அஞ்சு சட்டுனு கெடச்சிரும். ராத்திரி கரண்ட் போனா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஜெனரேட்டர் சத்தத்துல வேற சத்தமும் கேக்காது. அதனால நான் தொடறதுல இருந்து ஆரம்பிக்கறேன், பாயோட ஓரம், தலகாணி, சொவரு, என் வளையல், அதுக்கு மேல எண்ணாட்டியும் பரவால்ல.

மூச்சுல பாக்ஸ் மொறைன்னு ஒண்ணு, 4 எண்ணி இழுத்து, 4 நிறுத்தி, 4 விட்டு, 4 நிறுத்தறது. அமைதியா இருக்கறப்ப பழக நல்லது, ஆனா நெஞ்சு அடைக்கற நேரத்துல மூச்ச நிறுத்துன்னா எனக்கு இன்னும் மூச்சு முட்டுது. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடறது எவ்வளவோ மேல், மூச்ச மெதுவா வெளிய விடறப்ப இதயத் துடிப்பு கொஞ்சம் எறங்கும், ரெண்டு பேருக்குமே இது ஒத்துக்கிச்சு.

படபடப்பு உச்சத்துல இருந்தா எண்ணவே வராது, அப்ப மூஞ்சில பச்சத்தண்ணிதான். மூச்ச அடக்கி மூஞ்சில குளிர்ந்த தண்ணி பட்டா ஒடம்பு தானாவே துடிப்ப கொறைக்கும், தண்ணிக்குள்ள முங்கறப்ப நடக்கற அதே வேலதான். ஐஸுக்கு இங்க கரண்ட் எங்க இருக்கு, மண்பானைத் தண்ணிலயே எனக்கு சரியாயிடுது. இதயக் கோளாறு இருக்கறவங்க மட்டும் டாக்டர கேக்காம செய்யாதீங்க, அதனாலதான் சித்திக்கு இத நான் குடுக்கல.

சித்திக்கு பிடிபட்டது எந்த லிஸ்ட்லயும் இல்லாத ஒண்ணு. தனகா கட்டைய, அதாவது இங்க மூஞ்சில பூசிக்கற வாசன மரக்கட்டைய, கல்லுல தண்ணி விட்டு சுத்தி சுத்தி அரைக்கறது. கைக்கு கல்லோட சொரசொரப்பு, மூக்குக்கு அந்த வாசன, கன்னத்துல தடவுனா ஜில்லுன்னு, 5-4-3-2-1ல முக்கால்வாசி இதுலயே வந்துருது, எண்ணவும் வேணாம். தூக்கம்தான் இன்னும் சரியாகல, வாரக்கணக்கா இப்படியே இருக்கறதால டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், இந்த மொறைங்க அந்த நேரத்த கடக்கத்தான் உதவும். நேத்து கீழ பெரிய லாரி ஒண்ணு போச்சு, எந்திரிச்சு ஓடல, கட்டைய எடுத்து அரைக்க ஆரம்பிச்சாங்க, எனக்கும் கன்னத்துல கொஞ்சம் தடவி விட்டாங்க.