மலிவு டிரைபாட் காலர்: இறுகியது திருகு மட்டும்தான்

டெலி சூம் லென்ஸ் வாங்கி, பெட்டிக்குள் டிரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடித்து, அதை டிரைபாடில் மாட்ட உதவும் வளையம்) இல்லாததால் வெளி நிறுவனத்தின் மலிவுக் காலரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் படித்துவிடுங்கள். நான் கெடுவைத் தவறவிட்டவன்.

என்னிடம் இருப்பது கேனன் இஎஃப் 70-200 எஃப்4 ஐஎஸ், பழைய மாடல். எடை 760 கிராம். இதைவிடக் கனமான எஃப்2.8 லென்ஸ் வாங்குபவர்களுக்குக் காலர் கூடவே வரும். நமக்கு வராது, தனியாக வாங்க வேண்டும். நிக்கான் 70-200 எஃப்4-க்கும் இதே கதைதான். கேனனின் சொந்தக் காலர் நன்றாக இருக்கும் என்று தெரியும். ஆனால் ஒரு உலோக வளையத்துக்கு அவ்வளவு காசா என்று மனம் வரவில்லை. அந்தக் காசில் பார்க்க அச்சு அசல் அதே போலிருக்கும் வேறு நிறுவனக் காலர் நாலைந்து வாங்கலாம். வெள்ளை நிறம்கூட ஏறக்குறைய பொருந்தியது. வாங்கிவிட்டேன்.

வந்த அன்று மகிழ்ச்சிதான். மாட்டினேன், திருகை முறுக்கினேன், கெட்டியாக நின்றது. ஐந்து நட்சத்திரம் போடக் கை போயிற்று. நல்லவேளை, சோம்பலில் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து கடற்கரையில் நிலா எழுவதைத் தொடர் படமாக எடுக்கப் போனேன். டிரைபாடில் வைத்து, அடிவானத்தை நேராக்கி, திருகை முழுக்க முறுக்கிவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் தானாக எடுக்கும்படி விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் முதல் படத்தில் கடல் நேராக இருக்கிறது. பத்தாவது படத்தில் வலப்பக்கம் லேசாக ஏறியிருக்கிறது. கடைசிப் படத்தில் யாரோ கடலைத் தூக்கிச் சரித்த மாதிரி இருக்கிறது. கேமராவின் கிரிப்பும் அதற்குள் இருக்கும் பேட்டரியும் வலப்பக்கம்தானே. அந்தக் கனத்துக்கு, கேமராவும் லென்ஸும் சேர்ந்து காலருக்குள்ளேயே மெதுவாகச் சுழன்றிருக்கின்றன. டிரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்கும் பால் ஹெட் அசையவில்லை, டிரைபாட் அசையவில்லை. மறுநாள் திருகை விரல் வலிக்க முறுக்கிவிட்டு லென்ஸைக் கையால் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது!

திருகு இவ்வளவு இறுகியும் வளையம் ஏன் இறுகவில்லை? வெர்னியர் காலிபரை எடுத்து அளந்தேன். (இதை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும்.) லென்ஸில் காலர் உட்காரும் பட்டையின் விட்டத்தைவிட வளையத்தின் உள்விட்டம் அரை மில்லிமீட்டர் போல அதிகம். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விட்டத்தில் அரை என்றால் சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல். அதாவது லென்ஸைப் பிடிக்க வேண்டுமானால் வளையத்தின் வாய் அவ்வளவு தூரம் மூட வேண்டும். என் வளையத்தின் வாயில் இருந்த இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. லென்ஸை அழுத்துவதற்கு முன்பே இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுவிடுகின்றன. நான் கையில் உணர்ந்த அந்தக் கெட்டி, உலோகம் உலோகத்தில் முட்டிய கெட்டி. லென்ஸைப் பிடித்திருந்தது உள்ளே ஒட்டியிருந்த ஃபெல்ட் துணி ஒன்றுதான். புதிதாக இருந்தபோது துணி தடிமனாக இருந்தது, அதனால் முதல் நாள் நின்றது. நாளடைவில் நசுங்கியது, பிடி போயிற்று. விமர்சனங்களில் பாதிப் பேர் ‘சூப்பரா பொருந்துது’ என்று எழுதியிருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் பெட்டி பிரித்த அன்று எழுதியவை.

விமர்சனம் என்றதும் இன்னொன்று. அந்தக் காலரை விற்ற பக்கத்தில் கறுப்பு, வெள்ளை, ஏ, பி, சி (கேனன் தன் காலர் வகைகளுக்கு வைத்த பெயர்கள்) என்று எல்லாக் காலர்களும் ஒரே பொருளாகக் கட்டப்பட்டிருந்தன. நட்சத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நான் நம்பிப் படித்த நீண்ட விமர்சனத்தைப் பிறகு நிதானமாகப் பார்த்தால், அது பழைய 100-400-க்கான பி வளையத்தைப் பற்றியது. என் லென்ஸுக்கு வேண்டியது ஏ டூ. 70-300 எல் லென்ஸுக்கு சி, 100 எம்எம் எல் மேக்ரோவுக்கு டி. இதில் கேனனும் தன் பங்குக்கு ஒரு குழப்பம் வைத்திருக்கிறது: பெயரின் கடைசியில் வரும் பி என்பது கறுப்பு நிறம், டபிள்யூ என்பது வெள்ளை. ஆக, ‘ஏ டூ பி’ என்று இருந்தால் அது பி வளையம் அல்ல, கறுப்பு நிற ஏ டூ. இது தெரியாமல் தவறான வளையத்தை வாங்கிவிட்டு லென்ஸைத் திட்டியவர்களையும் அங்கே பார்த்தேன்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில் பணிவாகத்தான் வந்தது: லென்ஸ் மாடல் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு நாள் கழித்து, லென்ஸ் சுழல்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, வீடியோவில் வெளிச்சம் போதவில்லை, காலிபர் அளவும் தெரிகிற மாதிரி எடுங்கள் என்றார்கள். அதையும் எடுத்தேன். அதன்பின் வந்த பதிலை அப்படியே சொல்கிறேன்: ‘லென்ஸின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள், வாடிக்கையாளர்கள் பலர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.’ பலர் இப்படித்தான் என்றால் வளையம் பெரிது என்று அவர்களுக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்? இதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. இனி அனுப்பினால் கூரியர் செலவு உங்களுடையது என்றார்கள். அந்தச் செலவு காலரின் விலையைத் தொட்டது. கடைசியில், எதிர்மறையாக எதுவும் எழுத மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் பாதிப் பணம் தருவதாகப் பேரம் பேசினார்கள். வேண்டாம் என்றேன். கோபம் ஒருபுறம் இருக்கட்டும், பாதிப் பணம் உண்மையிலேயே கொஞ்சம் சபலப்படுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டேப்பும் சுற்றிப் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகு பிடித்தது. ஆனால் நெட்டுக்குத்தாகத் திருப்ப முடியவில்லை. டேப் சுருண்டு பிசினாகி வெள்ளை உடம்பில் ஒட்டியது. கிடைமட்டத்திலிருந்து நெட்டுக்குத்துக்கு வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும், திருகினால் நிற்க வேண்டும், அதற்குத்தானே காலர்? திரும்பாத காலருக்குப் பதில், கேமராவையே நேராக டிரைபாடில் மாட்டிவிட்டுப் போகலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கேமராவை டிரைபாடோடு தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தபோது, நடையின் அதிர்வில் திருகு தானாகக் கழன்று வளையம் வாய் திறந்துவிட்டது. அந்த மாதிரி காலரில் திருகைத் தளர்த்தி இழுத்தால் கீல் விரிந்து வளையம் இரண்டாகத் திறக்கும். வசதிதான், ஆனால் திருகு ஒன்றே பூட்டு. கேமராவின் பட்டை கழுத்தில் இருந்ததால் தரையில் விழவில்லை. லென்ஸ் ஹூட் டிரைபாடின் காலில் மோதி அதன் விளிம்பு உடைந்தது. அந்த ஹூடுக்கு ஆன செலவையும் கூட்டினால் நான் மிச்சம் பிடித்த லட்சணம் புரியும்.

அதனால், வாங்கியே தீருவேன் என்பவர்கள் வந்த அன்றே இதைச் செய்து பாருங்கள். காலரை லென்ஸில் மாட்டித் திருகை முழுக்க முறுக்குங்கள். வளையத்தின் வாயில் ஒரு மெல்லிய அட்டை நுழையும் அளவுக்காவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். உதடுகள் முட்டி நின்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள், துணி எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் சரி. அப்புறம், லென்ஸை 200-இல் வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் முனையில் விரலால் ஒரு தட்டு. படம் ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு காலர் இல்லாமல், கேமராவை நேராக மாட்டி அதே தட்டு. என்னுடையதில் காலர் இல்லாதபோதுதான் சீக்கிரம் அடங்கியது! உள்ளே கண்ணாடி மேலெழும் டிஎஸ்எல்ஆரில் 1/15 நொடி வாக்கில் எடுக்கும்போது, அந்த அதிர்வால் வரும் இந்த ஆட்டம் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். காலரின் அடிக்கால் குட்டையாக, ஒரே ஒரு திருகுத் துளையோடு இருந்தால் டிரைபாடின் பலகையின் மேல் அது தனியாக வேறு சுழலும். அடிக்காலே ஆர்க்கா ஸ்விஸ் வடிவில் (தனிப் பலகை இல்லாமல் நேராக மாட்டும் வடிவம்) கடைந்திருக்கிறது என்று போட்டிருந்தால், அதைப் பிடிக்கும் உங்கள் டிரைபாட் கிளாம்ப் திருகு வகையா, நெம்புகோல் வகையா என்று பாருங்கள். திருகு கிளாம்ப் சற்று முன்பின் அகலத்தையும் ஏற்றுக்கொள்ளும். நெம்புகோல் கிளாம்புக்கு அளவு சரியாக இருந்தாக வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 760 கிராம் லென்ஸுக்குக் காலர் வேண்டுமா? லென்ஸின் கனத்தை மவுன்ட் (லென்ஸ் கேமராவில் பூட்டும் இடம்) தாங்கும், அந்தப் பயம் வேண்டாம். பால் ஹெட் முன்னால் தொங்கினால் கொஞ்சம் மேலே பார்க்க வைத்துப் பூட்டினால் போதும், தொங்கி வந்து சரியான இடத்தில் நிற்கும். அடிக்கடி நெட்டுக்குத்தாகத் திருப்புபவர்களுக்குத்தான் காலர் அவசியம். அவர்களும் ஒரிஜினலைப் பழையதாகத் தேடலாம்.

நான் இப்போது காலர் இல்லாமல்தான் எடுக்கிறேன். நேற்று அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதே படம், அதே வளையம். ‘பொருந்தும் லென்ஸ்கள்’ பட்டியலில் இன்னும் இரண்டு பெயர் சேர்ந்திருக்கிறது.