கிளாஸ்நெவின் அடக்கப் பதிவுச் சேவை: ஒரு மதிப்புரை

என் கணவரின் குடும்பம் டப்ளினைச் சேர்ந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டி எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று என் மாமியார் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். "கிளாஸ்நெவினில்தான்" என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, இடத்தைக் காட்டக்கூடியவர் ஒருவரும் உயிரோடு இல்லை. 1832இல் தொடங்கி ஏறத்தாழ 15 லட்சம் பேர் அடக்கமான அந்தக் கல்லறைத் தோட்டத்தில், பெயர் பொறித்த கல் நடப்படாத ஒரு குழியை நடந்து தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே அதன் நிர்வாகம் இணையத்தில் கட்டணத்துக்கு வழங்கும் அடக்கப் பதிவுச் சேவையை நாடினோம்.

அதற்குமுன் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. அயர்லாந்தில் இறப்புகள் 1864 முதல் அரசிடம் பதிவாகி வருகின்றன. 50 ஆண்டுகளுக்கு முற்பட்ட பதிவுகளை ஐரிஷ் ஜீனியாலஜி என்னும் அரசு இணையதளத்தில் படமாகவே காணலாம். இறந்தவரின் வயது, தொழில், மணமானவரா என்ற விவரம், இறப்புக்கான காரணம், தகவல் தந்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். ஆனால் பெற்றோர் பெயரும் இராது, அடக்கம் செய்த இடமும் இராது. தேசிய நூலகம் இணையத்தில் வைத்துள்ள கத்தோலிக்கப் பங்குகளின் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த வட்டாரங்களின்) பதிவேடுகளிலோ பெரும்பாலும் திருமுழுக்கும் திருமணமும்தான் உண்டு, அடக்கக் குறிப்புகள் குறைவு. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி 1922இல் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் அழிந்துபோனது. இத்தனை இழப்புகளுக்குப் பின்னும் முழுமையாக எஞ்சியிருப்பதால்தான் கிளாஸ்நெவின் பதிவேட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒருவருடைய பதிவை மட்டும் வாங்கலாம். அல்லது கூடுதல் கட்டணம் செலுத்தி, அதே குழியில் அடக்கமான அனைவருடைய விவரத்தையும் பெறலாம். என் பரிந்துரை இரண்டாவதுதான். குடும்பங்கள் ஒரு குழியை விலைக்கு வாங்கித் தலைமுறை தலைமுறையாக அதிலேயே தம்மவரை அடக்கம் செய்வது அங்குள்ள வழக்கம் என்பதால், ஒரு குழியின் பட்டியலே பாதி வம்சாவளி ஆகிவிடுகிறது. எங்கள் குழியில் ஆறு பேர் இருந்தார்கள். கொள்ளுப்பாட்டியும் அவர் கணவரும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம்; ஆனால் ஒரு வயதுகூட நிறையாத மூன்று குழந்தைகளின் பெயர்களை அங்குதான் முதன்முதலாகப் படித்தோம். வீட்டில் யாரும் அவர்களைப் பற்றிப் பேசியதே இல்லை. மாமியார் அந்தப் பக்கத்தை வெகுநேரம் மூடவில்லை.

ஓர் எச்சரிக்கை. குழி வாங்க வசதியில்லாதவர்களைப் பொது நிலத்தில் அடக்கம் செய்தார்கள்; அங்கே ஒரே குழியில் இருப்பவர்கள் உறவினர்களாக இருக்கவேண்டியதில்லை. அத்தகைய குழியின் முழுப் பட்டியலுக்குப் பணம் செலுத்துவது வீண். முதலில் தனிப்பதிவை வாங்கிக் குழி எத்தகையது என்று பார்த்துவிடுங்கள்.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒரே பெயரில் பலர் வருவார்கள், அவர்களில் நம்மவர் யார் என்று பிரித்தறிவது கடினம். இங்கேதான் ஐரிஷ் இறுதிச் சடங்கு வழக்கங்களை அறிந்திருப்பது கைகொடுக்கிறது. இறந்தவருடைய படத்தையும் தேதியையும் அச்சிட்ட சிறு நினைவு அட்டையை உறவினர்களுக்குத் தருவார்கள். அது வழிபாட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே பல பத்தாண்டுகள் கிடக்கும். எங்களுக்குச் சரியான தேதியைத் தந்தது அப்படி ஓர் அட்டைதான். பழைய நாளில் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியை மூடி, உடலைத் தனியே விடாமல் அண்டை அயலார் கண்விழித்திருக்க, பெண்கள் ஒப்பாரி பாடுவார்கள். அந்த விழிப்புக்குப் பின் இரண்டொரு நாளில் அடக்கம் நடந்துவிடுவதால், இறந்த தேதி தெரிந்தால் பதிவேட்டில் தேடவேண்டிய நாள்கள் மிகக் குறைவு. இறந்த முப்பதாம் நாளையொட்டி ஆலயத்தில் நடக்கும் திருப்பலி வழிபாட்டுக்கான செய்தித்தாள் அறிவிப்பும் இதைப்போலவே உதவும்.

கத்தோலிக்கக் குடும்பம் அல்ல என்பதற்காக இங்கே தேடாமல் விட்டுவிடாதீர்கள். அந்நாளில் கத்தோலிக்கர் தம் சடங்கைத் தம் விருப்பப்படி செய்ய இயலாதிருந்ததால் ஐரிஷ் கத்தோலிக்கரின் அரசியல் தலைவர் டேனியல் ஓகானல் முன்னின்று உருவாக்கிய இத்தோட்டம், எல்லாச் சமயத்தாருக்கும் சமயம் சாராதவர்க்கும் திறந்தே இருந்தது. புரொட்டஸ்டன்ட் குடும்பங்கள் பலவும் 1836இல் திறக்கப்பட்ட மவுண்ட் ஜெரோம் என்னும் டப்ளின் கல்லறைத் தோட்டத்தை நாடின என்பதால் அங்கும் பார்க்கவேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே பணம் செலுத்தும் முறை, பல கிளைகளைத் தேடுவோருக்குச் சுமையாகும் என்பது உண்மை. ஆயினும் குழி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, புல் மூடிய அந்த இடத்தின் முன் நாங்கள் நின்றபோது அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நவம்பரில், இறந்தோருக்காக வேண்டிக்கொள்ளப் பங்கு ஆலயத்தில் கொடுக்கும் பெயர்ப்பட்டியலில், மாமியார் அந்த மூன்று குழந்தைகளின் பெயர்களையும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.