ரைபிளைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் 18,500 ரூபாயையும் ஏழு வாரத்தையும் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என்னிடம் இருப்பது பாயின்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்பக்கத்து போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி மூட வேண்டும். தோளில் வைக்கும் பாகம் மரக் கட்டை. வீடு ஏற்காட்டில். கிளப்பில் 50 மீட்டர் சுடுவதற்காக லைசென்ஸ் எடுத்து வாங்கினேன். அந்த தூரத்து இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகம் மாதிரி. கோடையில் என் ரைபிளில் அஞ்சு தோட்டாவும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது, ஐப்பசி மழை முடிந்து போய்ச் சுட்டால் டம்ளர் வாய் அளவுக்குப் பரவுகிறது.

கிளப்பில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் ஹவில்தார் அண்ணன். "கட்டை ஸ்க்ரூவைப் பாரு தம்பி, மலை ஈரத்துக்குக் கட்டை ஊதியிருக்கும்" என்றார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பேச்சில் தேன். "குழல் நல்லாத்தாங்க இருக்கு, பெட்டிங் போட்டு, டிரிகர் கனத்தை இறக்கி, போல்ட்டை பாலிஷ் பண்ணிட்டா போதும், மேட்ச் ரைபிள் மாதிரி ஆயிடும், நீங்க கவலையே படாதீங்க சார்." ரைபிளின் இரும்புப் பாகம் மரத்தில் உட்காரும் இடத்தில் எபாக்சி போட்டு, சுடும்போது இம்மியும் நகராமல் பதிய வைப்பதைத்தான் பெட்டிங் என்பார்கள். வீட்டில் சொன்னபோது சூதாட்டம் என்று நினைத்து மனைவி கத்தினாள். பணம் போன விதத்தைப் பார்த்தால் அவள் நினைத்ததிலும் தப்பில்லை.

பத்து நாள் என்றது ஏழு வாரம் ஆனது. நடுவில் போன் பண்ணியபோது கடைப் பையன், "பட்டறையிலிருந்து இன்னும் வரல சார்" என்றான். எந்தப் பட்டறை, யாருடையது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆயுதச் சட்டம் 1959, 5ஆம் பிரிவின்படி விற்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அந்தக் கடைக்கு விற்பனை லைசென்ஸ் மட்டும்தான் என்பது எனக்குத் தெரிய வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

ரைபிள் வந்தது. டிரிகர் பூப்போல இருந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ரேஞ்சில் ஹவில்தார் அண்ணன் வாங்கி, தோட்டா அறை காலி என்று இரண்டு தடவை பார்த்து, குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, போல்ட்டைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளி மூடினார். டக். விரல் டிரிகர் பக்கமே போகவில்லை. உள்ளே தோட்டா இருந்திருந்தால் வெடித்திருக்கும், யார் எதிரில் நின்றிருந்தாலும் சரி. டிரிகருக்குள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் இரண்டு இரும்பு விளிம்புகளைக் கண்டபடி அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்புறம் கட்டையைக் கழற்றினோம். பெட்டிங் என்ற பெயரில் உள்ளே இருந்தது தண்ணித் தொட்டி ஓட்டையை அடைக்கிற எம்-சீல். வாசனையிலேயே தெரிந்தது, நகத்தால் நெம்பியதும் காய்ந்த சப்பாத்தி மாதிரி பெயர்ந்து வந்தது, அதன் மேல் ஒருவன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. குழல் அறையின் வாயில் ஒரு சின்னப் பள்ளம் வேறு. பாயின்ட் டூ டூ தோட்டாவில் ஊசி அடிப்பது விளிம்பில், அதனால் சில ரைபிள்களில் தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப விசையை இழுத்தால் ஊசி நேராக அறையின் வாயிலேயே கொத்தும். டிரிகரைச் சோதிக்கிறேன் என்று டம்மி தோட்டாகூடப் போடாமல் எத்தனை தடவை அடித்தார்களோ. அந்தப் பள்ளத்தால் சுட்ட காலித் தோட்டா சிக்கி, பேனாக்கத்தியால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது.

பழுது பார்க்கும் லைசென்ஸ் உள்ள வேறொருவர் பள்ளத்தை உருட்டிச் சரிசெய்து, டிரிகர் பாகத்தையும் மாற்றிக் கொடுத்தார், அது தனிச் செலவு. பரவலுக்குக் காரணம் அண்ணன் சொன்னதுதான். கட்டை ஊதிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. சமவெளியில் ஒரு வாரம் காயவைத்து, உரசிய இடத்தை லேசாகச் சீவி, உள்பக்கம் எண்ணெய் பூசி, இரண்டு ஸ்க்ரூவையும் அண்ணனே ஒரே அளவில் இறுக்கினார். பழைய நாணய அளவு திரும்பிவிட்டது. கூலி, ஒரு டீயும் இரண்டு தட்டுவடை செட்டும்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பழுது பார்க்க லைசென்ஸ் இருக்கிறதா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் ரைபிள் எண், போல்ட் எண், என்னென்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் "சர்வீஸ் 18,500" என்று மட்டும் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கடைக்காரரோ, நாங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் கொடுத்தோம் என்கிறார். ரேகையோடு இருக்கும் அந்த எம்-சீல் துண்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.